சா/த (சாதாரண தர) ஆங்கிலம்: இலக்கணப் பயிற்சி சரியாகச் செய்கிறார்கள், கிரகித்தலில் மட்டும் வரியைப் பார்த்து எழுதுகிறார்கள்

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்கும் 11க்கும் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இரண்டு வகுப்பிலும் ஒரே தொல்லை. வினைச்சொல்லைக் கொடுத்து இடைவெளி நிரப்பச் சொன்னால் பாதிப்பேர் நன்றாகவே செய்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு ஒரு பந்தியைக் கொடுத்துக் கீழே நாலு கேள்வி கேட்டால், கேள்வியில் உள்ள சொல் பந்தியில் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அந்த வரியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பேனையை மூடுகிறார்கள்.

போன கிழமை பதுளை ரயிலைப் பற்றி ஒரு பந்தி எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "த ட்ரெயின் ஸ்டாப்ட் அட் நானுஓயா பிகாஸ் அ ட்ரீ ஹேட் ஃபாலன் ஆன் த லைன்." கேள்வி: "வட் ஹேப்பன்ட் பிஃபோர் த ட்ரெயின் ஸ்டாப்ட்?" மரம் விழுந்தது என்று எழுத வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதியது: "த ட்ரெயின் ஸ்டாப்ட் அட் நானுஓயா." ட்ரெயின் இருக்கிறது, ஸ்டாப்ட் இருக்கிறது, அப்புறம் என்ன!

இத்தனைக்கும் "ஹேட் ஃபாலன்" அவர்களுக்குப் புதிதில்லை. முந்தின நாள்தான் பாஸ்ட் பெர்ஃபெக்ட் பயிற்சி முடித்தோம். கொப்பியில் எல்லாமே சரி. அது இரண்டு காரியத்தில் எது முந்தியது என்று காட்டுவதற்காக அங்கே நிற்கிறது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. இலக்கணத்துக்கு ஒரு பாடவேளை, கிரகித்தலுக்கு ஒரு பாடவேளை என்று பிரித்து நடத்துவதே காரணமோ என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஹட்டன்காரன் எழுதியது:

டீச்சர், நான் டியூஷன் எடுக்கிறவன். வெளிப்படையாகச் சொல்கிறேன், பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிற பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் சரிவராது. முதல் தாள் 1 மணித்தியாலம், இரண்டாம் தாள் 2 மணித்தியாலம், இரண்டிலும் சேர்த்து 16 டெஸ்ட். 35 புள்ளி எடுத்தால் எஸ் (சாதாரண சித்தி), 50 எடுத்தால் சி (திறமைச் சித்தி). என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்த 35தான் இலக்கு. உயர்தரத்துக்கோ கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது ஆங்கிலத்துக்கு நேரே டபிள்யூ, அதாவது பெயில், இருந்தால் எவ்வளவு சங்கடம் என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்வது இதுதான். முதலில் கேள்வியை வாசி, பிறகு பந்திக்குப் போ. ஹூ என்றால் ஆளைத் தேடு, வென் என்றால் நேரத்தைத் தேடு, வெயர் என்றால் இடத்தைத் தேடு, வை என்றால் பிகாஸ், ஸோ, டு இந்த மூன்றையும் தேடு. விடையை முழு வசனமாக எழுதச் சொல்லியிருந்தால் ஒழிய சுருக்கமாக எழுது. கடந்தகால வினாத்தாளை வருடவாரியாக எடுத்துச் செய். அவ்வளவுதான். வரியை இறக்கி வைத்தாலும் சில கேள்விக்குப் புள்ளி கிடைக்கத்தான் செய்கிறது. அதை ஏன் பறிக்க வேண்டும்?

மடுல்சீமை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தம்பி ஹட்டன்காரன் சொல்வதில் பாதி சரி. கேள்வியை முதலில் வாசிக்கச் சொல்வது நல்ல பழக்கம். ஆனால் வரியை இறக்கி வைத்துப் புள்ளி வாங்க முடிகிறதென்றால், அந்தக் கேள்வியைப் போட்டவர் பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்கவில்லை. கண்ணைத்தான் சோதித்திருக்கிறார். நாம் வகுப்பில் போடுகிற கேள்விகளில் முக்கால்வாசி அந்த ரகம். பந்தியில் "ஷி போட் அ ரெட் அம்ப்ரெல்லா" என்று இருக்கும், கேள்வி "வட் டிட் ஷி பை?" என்று இருக்கும். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாதவன்கூட விடை எழுதிவிடுவான்.

டீச்சர், முதலில் உங்கள் கேள்விகளை மாற்றுங்கள். பந்தியில் உள்ள சொல் கேள்வியில் வரக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பந்திக்கு "வை வேர் த பாசஞ்சர்ஸ் லேட்?" என்று கேளுங்கள். பாசஞ்சர்ஸும் இல்லை, லேட்டும் இல்லை, இறக்கி வைக்க வரியும் இல்லை. முதல் இரண்டு கிழமை வகுப்பே முழிக்கும். விடுங்கள், முழிக்கட்டும்.

அடுத்தது இலக்கணம். நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காலங்களைவிடப் பெரிய பள்ளம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, வசனத்தின் வரிசை. இந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: "த மேன் ஹூ ஸோல்ட் த கவ் டு மை அங்கிள் லிவ்ஸ் இன் வெலிமட." வெலிமடையில் இருப்பது யார்? வகுப்பில் பெரும்பாலானவர்கள் "அங்கிள்" என்பார்கள். ஏனென்றால் அங்கிளும் லிவ்ஸும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழில் "என் மாமாவுக்கு மாடு விற்ற ஆள் வெலிமடையில் இருக்கிறார்" என்கிறோம். விளக்கம் முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது, ஆள் கடைசியில் வருகிறார், அவர் பக்கத்திலேயே வினையும் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வந்துவிடுகிறார், விளக்கம் நடுவில் புகுந்து அவரை வினையிலிருந்து தூரத்தில் வைக்கிறது. ஆகவே ஹூ, விச், தட் வந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறி திறந்து, அது முடிகிற இடத்தில் மூடி, உள்ளே இருப்பதை ஒரு விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கள். "த மேன் லிவ்ஸ் இன் வெலிமட." முடிந்தது. ரிலேட்டிவ் க்ளோஸ் என்ற பெயரைப் பிறகு சொன்னாலும் போதும்.

இரண்டாவது, ஹீ, ஷி, இட், தே, திஸ். தமிழில் "வந்தான்" என்று சொன்னாலே ஆண், ஒருவன், நானுமில்லை நீயுமில்லை என்று எல்லாம் அந்த வினையிலேயே தெரிந்துவிடுகிறது. யார் என்று தனியாகத் தேடும் வேலையே இல்லை. ஆங்கிலத்தில் "கேம்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான் எல்லாம். நம் பிள்ளைகளோ அந்தச் சின்னச் சொற்களை வாசிக்காமலே தாண்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, அது யாரைக் குறிக்கிறதோ அங்கே ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பந்தி முழுக்கக் கோடாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பத்தனை பயிலுனர் எழுதியது:

சேர், அந்த விரலால் மறைக்கிற வேலையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். நான் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்குப் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன், இந்தப் பேச்சுக்குப் பொருந்தும்.

அங்கே ஓர் அக்கா தரம் 10க்கு செயப்பாட்டு வினை எடுத்தார். தேயிலைத் தொழிற்சாலையை வைத்தே எடுத்தார். கொழுந்து பறிக்கப்படுகிறது, நிறுக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, காய வைக்கப்படுகிறது, சலிக்கப்படுகிறது, பொதி செய்யப்படுகிறது. "த லீவ்ஸ் ஆர் பிளக்ட், த லீவ்ஸ் ஆர் வெய்ட், த லீவ்ஸ் ஆர் விதர்ட்" என்று பிள்ளைகளே சொல்லிக்கொண்டு போனார்கள். வேறெந்தப் பாடத்திலும் வாய் திறக்காத ஒரு பையன், அவன் அப்பா தொழிற்சாலையில் வேலை என்று நினைக்கிறேன், ரோலிங் முடிந்து காய வைக்கும் முன் புளிக்க விடுகிற வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள் என்று டீச்சரைத் திருத்தினான். செய்பவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை, கொழுந்துக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அந்த அக்கா ஒரு வரியில் சொன்னார். செயப்பாட்டு வினை எதற்கு என்று அதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

ஆனால் அடுத்து கிரகித்தல் வந்தபோது வேறு கூத்து. பந்தியில் ஒரு நாளில் இரண்டு தடவை கொழுந்து நிறுப்பதாக இருந்தது. எத்தனை தடவை நிறுக்கிறார்கள் என்று கேள்வி. வகுப்பே "த்ரீ டைம்ஸ்" என்று எழுதியது. ஏன் தெரியுமா? அவர்கள் தோட்டத்தில் மூன்று தடவை! பந்தியை ஒருவர்கூட வாசிக்கவில்லை, வீட்டில் தெரிந்ததை எழுதிவிட்டார்கள்.

ஹட்டன்காரன் எழுதியது:

இதைத்தான் சொல்கிறேன். பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், மண்வாசனை என்று சொல்லித் தேயிலையையே போட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். பரீட்சையில் டொல்பினைப் பற்றி வரும், இன்டர்நெட்டைப் பற்றி வரும், ஏதோ ஒரு நாட்டுப் பனியைப் பற்றி வரும். தெரியாத விஷயத்தை வாசித்துப் பழக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தேயிலையைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்று யாரோ முடிவு செய்தமாதிரி இருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு.

மடுல்சீமை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அந்தக் கோபம் நியாயமானது தம்பி. தேயிலையோடு நிறுத்தினால் தப்புத்தான். ஆனால் புதிய இலக்கணத்தையும் புதிய விஷயத்தையும் ஒரே நாளில் தலையில் ஏற்றாதீர்கள். இலக்கணம் புதிதாக இருக்கும் நாளில் விஷயம் பழகினதாக இருக்கட்டும். இலக்கணம் பழகிய பிறகு டொல்பினைக் கொண்டு வாருங்கள்.

பயிலுனர் பிள்ளைக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். தெரிந்த விஷயத்திலேயே வேண்டுமென்று ஒன்றை மாற்றி எழுதுங்கள். "இன் திஸ் எஸ்டேட் த லீவ்ஸ் ஆர் வெய்ட் ஃபைவ் டைம்ஸ் அ டே" என்று போடுங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது எல்லோருக்கும் மனப்பாடம், ஆகவே பந்தியில் ஒரு கற்பனைத் தோட்டத்தைப் போட்டு, அங்கே தேயிலைக்குப் பதிலாக மிளகு நட்டார்கள் என்று எழுதுங்கள். "எக்கோர்டிங் டு த பாசேஜ்" என்று கேள்வி தொடங்குவதன் பொருள் அன்றைக்குத்தான் பிள்ளைக்கு விளங்கும். சத்தம் போட்டு எதிர்ப்பார்கள், "சேர் இது பொய்" என்பார்கள். பொய் என்று கண்டுபிடிக்க வாசித்திருக்க வேண்டும் அல்லவா?

கொட்டகலை அம்மா எழுதியது:

நான் டீச்சர் இல்லைங்க. மலைக்குக் கொழுந்து எடுக்கப் போற ஆள். மகள் தரம் 8. எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க மட்டும் வரும். நீங்க எல்லாம் பேசுறத வாசிச்சேன், பாதி விளங்குது. வீட்டில சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு நாங்க என்ன செய்றது? டியூஷன் போக டவுனுக்கு பஸ் காசு, பிறகு அந்தி நேரம் திரும்பி வர பயம். போன்ல டேட்டா எப்பவும் இருக்காது.

மடுல்சீமை ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்களால் முடிந்த பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. மகள் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை வாசித்து முடித்ததும், "இதில என்ன கதை? தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது "யாரு?", "ஏன் அப்படிச் செஞ்சான்?", "அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?" என்று குறுக்கே கேளுங்கள். அவளால் சொல்ல முடியாத இடம்தான் அவளுக்கு விளங்காத இடம். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். தமிழில் கதைப் புத்தகம் வாசிக்கிற பிள்ளை ஆங்கிலத்திலும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆகவே தமிழ் வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். டேட்டா இருக்கும் நாளில் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடம் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பத்தனை பயிலுனர் எழுதியது:

அக்கா, சம்பளத் துண்டு ஆங்கிலத்தில் வருகிறதா? வந்தால் அதை மகளிடம் கொடுங்கள். என் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான், நான் ஆங்கிலத்தில் ஒழுங்காக வாசித்த முதல் தாள் அவருடைய சம்பளத் துண்டு. ஒரு பக்கம் "ஏர்னிங்ஸ்", மறுபக்கம் "டிடக்‌ஷன்ஸ்". ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் முழுக்க முழுக்கத் தோட்டமே கட்டுவது, அது வெட்டிய பக்கத்தில் இருக்கக் கூடாது. "எத்தனை நாள் பேர் (வேலை நாள்) விழுந்திருக்கு? எதற்கு எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள்? வெட்டினது யார், கட்டினது யார்?" என்று மகளைக் கேளுங்கள். இதைவிட நல்ல கிரகித்தல் பயிற்சி பாடப்புத்தகத்தில் இல்லை. கிளினிக் கார்டு, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கம் எல்லாமே வாசிப்புத்தான்.

கொட்டகலை அம்மா எழுதியது:

துண்டு இங்கிலீஷ்லதான் வருது. இத்தனை காலம் கடைசி நம்பர் மட்டும்தான் பாப்போம். சரி, இந்த மாசம் வரட்டும், மகள்ட்ட குடுக்குறேன்.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

சேர் சொன்னபடி கேள்விகளை மாற்றினேன். முழித்தார்கள், சந்தேகமே இல்லை. அதோடு இன்னொன்றும் செய்தேன், அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரயில் கதையை இலகுவாக்கி ஒரு டிமை தாளில், அதாவது பெரிய தாளில், பெரிதாக எழுதி, வரிவரியாக வெட்டினேன். ஐந்து பேருக்கு ஒரு கட்டு. கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொன்னேன். வரிகள் இவை: "அ ட்ரீ ஃபெல் ஆன் த லைன் நியர் அம்பேவெல." "த ட்ரீ வாஸ் வெரி பிக், ஸோ த வர்க்கர்ஸ் குட் நாட் மூவ் இட்." "தே கோல்ட் த ஸ்டேஷன் மாஸ்டர் அட் நானுஓயா." "ஹீ ஸ்டாப்ட் த பதுளை ட்ரெயின் தெயர்." "த பாசஞ்சர்ஸ் டிட் நாட் நோ வட் ஹேட் ஹேப்பன்ட்."

அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் நான் கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது, அதனால் அப்படிப்பட்ட நாளில் படிப்பித்தல் என்பதே இல்லை. இந்த வேலைக்கு என் குரல் தேவைப்படவில்லை. ஒரு குழுவில் இரண்டு பையன்கள் சண்டை. ஒருவன் "த ட்ரீ வாஸ் வெரி பிக்" என்பதை மேலே வைக்கிறான். மற்றவன் அதை எடுத்துக் கீழே தள்ளி, "எந்த மரம்டா? இன்னும் மரமே வரலியே" என்கிறான். "அ", "த" எப்போது போடுவது என்று நான் எத்தனை தடவை விதி எழுதிக் கொடுத்திருப்பேன்! பக்கத்துக் குழுவில் ஒரு பிள்ளை "தே" என்று தொடங்கும் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், "தே யாருன்னு இன்னும் தெரியல மிஸ், வர்க்கர்ஸ் வந்த பிறகுதான் வைக்கணும்" என்றது.

கடைசி வரியில்தான் எல்லாக் குழுவும் திணறியது. "ஹேட் ஹேப்பன்ட்" இருப்பதால் அதை முதலில் வைத்தவர்களும் உண்டு, மரம் விழுந்தது பழைய கதை என்பதற்காக. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நானே ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பாசஞ்சர்ஸ் எப்போது ரயிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள், ரயில் நின்ற பிறகா முந்தியா?" என்று மட்டும் கேட்டேன். துண்டு தானாகக் கீழே போனது. பிறகு பழைய கேள்வியையே கேட்டேன், "வட் ஹேப்பன்ட் பிஃபோர் த ட்ரெயின் ஸ்டாப்ட்?" "அ ட்ரீ ஃபெல்" என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எல்லோரும் இல்லை. இன்னும் ஏழெட்டுப் பேர் வரியை இறக்கி வைக்கத்தான் செய்கிறார்கள்.

ஹட்டன்காரன் எழுதியது:

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 40 நிமிடப் பாடவேளையில் டிமை வெட்டி, கலைத்து, சண்டை பிடித்து முடிக்க எத்தனை நாளைக்கு முடியும்? பாடத்திட்டம் என்னவாகிறது? அதோடு ஒரு கேள்வி. "அ ட்ரீ ஃபால்" என்று ஒரு பிள்ளை எழுதினால் சரி போடுவீர்களா, பிழை போடுவீர்களா?

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

எல்லா நாளும் வெட்டுவதில்லை சேர். கிழமைக்கு ஒரு தடவைதான். வெட்டிய துண்டுகளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வகுப்புக்கும் அதே துண்டு. மற்ற நாட்களில் பாடப்புத்தகத்தில் உள்ள பந்தியையே எடுத்து, வட்டமும் அம்புக்குறியும். பத்து நிமிடம் போதும். அந்தப் பந்தியில் எந்த இலக்கணம் அதிகம் வருகிறதோ அன்றைக்கு அதுதான் இலக்கணப் பாடம். இடைவெளி நிரப்பும் பயிற்சியையும் விடவில்லை, ஆனால் தனித்தனி வசனமாகக் கொடுக்காமல் ஒரே பந்தியாகக் கொடுக்கிறேன்.

"அ ட்ரீ ஃபால்" எழுதினால் என் வகுப்பில் கிரகித்தலுக்குச் சரி. பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. ஃபாலின் கீழே ஒரு கோடு போட்டு, எழுத்துப் பயிற்சியில் அதைத் திருப்பி எழுத வைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே இடத்தில் புள்ளி வெட்டினால் பிழை வருமோ என்ற பயத்தில் திரும்பவும் வரியை இறக்கி வைக்கப் போய்விடுவார்கள். பார்த்து எழுதினால் எழுத்துப் பிழையே வராது அல்லவா, அந்தப் பழக்கம் தொடங்குவதே அங்கேதான்.

ஹட்டன்காரன் எழுதியது:

புள்ளி விஷயத்தில் நான் வேறு கட்சி. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் இரக்கம் காட்டுவார் என்று நம்பி இருக்க முடியாது, தரம் 11இல் நான் பிழைதான் போடுவேன். தரம் 8, 9இல் வேண்டுமானால் நீங்கள் சொல்கிறபடி. ஆனால் அந்த ரயில் துண்டுகளைப் படமெடுத்து இங்கே போடுங்கள் டீச்சர், இந்தச் சனிக்கிழமை வகுப்பில் பார்க்கிறேன். அப்புறம் அந்த ஏழெட்டுப் பேர்? என்னிடமும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு எழுத்தே ஒழுங்காகக் கூட்ட வராது, தரம் 11!

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

இன்று இரவு படம் போடுகிறேன் சேர். அந்த ஏழெட்டுப் பேரில் மூன்று பேருக்கு என்னிடமும் அதே கதைதான், வாசிக்கத் தெரியாததால் பார்த்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு தரம் 10 பந்தியில் எந்தப் பயிற்சி செய்தும் வேலையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கீழ்வகுப்புப் பாடப்புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. தரம் 4, 5 புத்தகத்திலிருந்து சின்னச் சின்னப் பந்திகளைப் போட்டோ கொப்பி எடுத்து, பக்கத்தின் மேலே இருக்கும் தரம் இலக்கத்தை மறைத்துவிட்டுக் கொடுக்கிறேன். தெரிந்தால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இதற்குத் தனியாக ஓர் இழை திறந்தால் நல்லது, கீழ்வகுப்பு டீச்சர்மாரும் வந்து சொல்வார்கள். யாராவது திறக்கிறீர்களா, நான் திறக்கவா?

பத்தனை பயிலுனர் எழுதியது:

நீங்களே திறங்க மிஸ். எங்கள் கல்லூரியில் ஆரம்பப் பிரிவு படிக்கிறவர்களையும் அங்கே வரச் சொல்கிறேன்.